எண்பதில் போகும் கேரவன்

ஷார்ஜாவிலிருந்து மேற்கே போகும் நெடுஞ்சாலையில், வலது ஓரத் தடத்தில் லாரிகளுக்கு நடுவே, வெள்ளைக் கேரவன் ஒன்றை இழுத்துக்கொண்டு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒரு காரை நீங்கள் எப்போதாவது கடந்து போயிருக்கலாம். ஓட்டியது நானாக இருக்கும். கடக்கும்போது ஹாரன் அடித்திருந்தாலும் பரவாயில்லை. அந்த எண்பதை நான் அளந்து எடுத்தேன். எப்படி அளந்தேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த ஊரில் வேகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் உண்மையில் ரேடாரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். துபாய்ப் பக்கம் பலகையில் இருக்கும் எண்ணைத் தாண்டி இன்னும் இருபது வரை ரேடார் கண்டுகொள்ளாது. அபுதாபி எல்லைக்குள் போய்விட்டால் பலகையில் இருப்பதுதான் கணக்கு. இதை இங்கே பள்ளிக்குப் போகும் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். நாளடைவில் எல்லோர் மனத்திலும் ஒரு எண்ணம் படிந்துவிடுகிறது: ரேடார் அடிக்கவில்லையா, அப்படியென்றால் சரியான வேகத்தில்தான் போகிறோம். ரேடாருக்குத் தெரிந்தது காரின் வேகம் மட்டும். காருக்குப் பின்னால் என்ன தொங்குகிறது, அதற்குள் எந்த மூலையில் கிரைண்டர் இருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

எங்கள் விஷயத்தில் கிரைண்டர் கடைசி மூலையில் இருந்தது.

கேரவன் எங்களுடையது மட்டுமல்ல. ஐந்து குடும்பங்கள் சேர்ந்து, ஊரைக் காலிசெய்து கிளம்பிய ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்திடமிருந்து வாங்கியது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் நாங்கள் மேற்குக் கடற்கரைக்குப் போவோம். மிர்ஃபாவைத் தாண்டி, கூட்டமில்லாத ஒரு மணல் திட்டு இருக்கிறது. கேரவன் வருவதற்கு முன்னால் அது ஆண்களின் பயணமாகத்தான் இருந்தது. கூடாரத்தில் படுப்பது பெண்களுக்குப் பிரச்சினை இல்லை. கழிப்பறை இல்லாததுதான் பிரச்சினை. துபாய் தேராவில் மசாலாக் கடை வைத்திருக்கும் கீழக்கரைக்காரர் ஒருவர்தான் எங்கள் குழுவுக்கு மூத்தவர். அவரை நாங்கள் எல்லோரும் காக்கா என்று கூப்பிடுவோம், அவர் மனைவியை லாத்தா என்று; அவர்கள் ஊர் வழக்கில் அண்ணனும் அக்காவும். இருபது வருடமாக இந்த நாட்டில் இருக்கும் லாத்தா, கேரவன் வாங்கிய பிறகுதான் முதல்முறையாகக் கடற்கரையில் ஓர் இரவு தங்கினார். மறுநாள் காலை அதன் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, "இந்தப் பெட்டி மட்டும் இல்லன்னா நான் இந்நேரம் வீட்ல துணி மடிச்சிக்கிட்டு இருப்பேன்" என்றார். கேரவன் எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஒரு வருடம் அந்தக் கேரவனையே இழக்கப் பார்த்தோம்.

அப்போது அதை இழுத்தவர் எங்கள் குழுவில் இருக்கும் சென்னைக்காரர். வங்கி வேலை, பெரிய எஞ்சின் உள்ள கார், நல்ல கை. திரும்பி வரும்போது எங்கள் ஐந்து கார்களில் கேரவன் இழுத்த கார் நான்காவதாக வந்துகொண்டிருந்தது. நானும் என் கணவரும் அதற்குப் பின்னால், கடைசியில். முன்னால் போன மூவரும் பேச்சு சுவாரசியத்தில் வேகத்தைக் கூட்டிவிட்டார்கள். அவர்களைப் பிடிக்க இவரும் கூட்டினார். நூற்று இருபது இருக்கும். ஒரு பாலத்திலிருந்து இறங்கும் சரிவில் பேருந்து ஒன்றைக் கடந்தார். கேரவனின் பின்பக்கம் லேசாக ஒதுங்கியது, திரும்பியது, மறுபக்கம் இன்னும் கொஞ்சம் அதிகமாக ஒதுங்கியது.

என் தொழில் அதிர்வு. பம்ப்புகளையும் கம்ப்ரஸர்களையும் பழுதுபார்க்கும் ஒரு வொர்க்‌ஷாப்பில், ஓடும் இயந்திரம் எவ்வளவு ஆடுகிறது, ஏன் ஆடுகிறது, எந்த வேகத்துக்கு மேல் அதை ஓட்டக் கூடாது என்று சொல்வது என் வேலை. ஆட்டம் எல்லா இயந்திரத்திலும் உண்டு. ஒரு தட்டு தட்டினால் வந்த ஆட்டம் தானாகவே குறைந்து அடங்குகிறதா, இல்லை ஒவ்வொரு வீச்சிலும் வளர்கிறதா என்றுதான் நாங்கள் பார்ப்போம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான் பார்த்த ஆட்டம் வளர்ந்துகொண்டிருந்தது.

சென்னைக்காரர் பிரேக்கை மிதித்தார். கேரவன் இன்னும் பெரிதாக வீசி, காரையும் இழுத்துக்கொண்டு சாலையோர மணலில் போய் நின்றது. பின்பக்கக் கதவு திறந்து பிரியாணி தேக்சா உருண்டு வந்து எங்கள் கார் பக்கத்தில் கவிழ்ந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அவர் இறங்கி மணலில் உட்கார்ந்தார்.

அடுத்த குளிர்காலம் நெருங்கியபோது காக்கா வீட்டில் கூடினோம். காக்கா முடிவோடு இருந்தார். "வித்துப்புடுவோம். கலாஸ், முடிஞ்சிச்சு. உசுரு போனா எந்தக் கடல் திருப்பித் தரும்?"

லாத்தா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் இருந்த தட்டை ஒரே இடத்தில் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் சொன்னேன்: "காக்கா, வண்டி மேல தப்பு இல்ல. சாமான் வெச்ச இடமும் போன வேகமும்தான் தப்பு. இந்தத் தடவை நான் இழுக்கிறேன்."

"நீயா தங்கச்சி?"

"ஆமா."

சென்னைக்காரர் சிரிக்கவில்லை. அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது. "மேடம், எத்தனைல போவீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"இன்னும் தெரியாது. பாத்துட்டுச் சொல்றேன்."

காக்கா ரொம்ப நேரம் தாடியைத் தடவினார். "சரி. இந்த ஒரு தடவ. இந்தத் தடவையும் ஆடுச்சுன்னா மறுபேச்சு இல்ல, வித்துப்புடணும்."

லாத்தா தட்டைத் துடைப்பதை நிறுத்தினார்.

வீட்டுக்கு வரும் வழியில் என் கணவர் கேட்டார். அவர் கோயம்புத்தூர்க்காரர், என்னை அம்மிணி என்றுதான் கூப்பிடுவார், கிண்டல் செய்யும்போது இன்னும் அழுத்திக் கூப்பிடுவார். "ஏன் அம்மிணி, 'ஆடுச்சுன்னா'ன்னு சொன்னாரே, அதுக்கு நீ ஒத்துக்கிட்டியே, ஆடாத கேரவன் எங்காச்சும் இருக்குதா?"

இல்லை. அது எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கூடத்தில் அதை விளக்கியிருந்தால் அன்றைக்கே கேரவனுக்கு விற்பனை விளம்பரம் கொடுத்திருப்பார்கள்.

அடுத்த வாரம் எங்கள் காருக்குக் கேரவனை இழுக்கும் கொக்கி பொருத்தினோம். பிறகு ஷார்ஜாவின் தொழிற்பேட்டைப் பக்கம் கேரவன் நிறுத்தியிருந்த யார்டுக்கு நான் ஒரு பட்டியலோடு போனேன். முதலில் டயர். மேலே பார்த்தால் புதிது மாதிரி இருந்தது. ஓடாத டயர் தேய்வதில்லை. ஆனால் வருடக்கணக்காக வெயிலில் நின்ற டயரின் பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தன. இரண்டையும் மாற்றினேன். பழையதைப் போலவே புது டயரின் பக்கச்சுவரிலும் அது தாங்கும் எடைக்கும் வேகத்துக்கும் குறிகள் இருந்தன. அந்த வேகம் நூறுக்குக் கொஞ்சம் மேல். போன வருடம் நாங்கள் போனது நூற்று இருபது. அந்தக் குறியை ஐந்து குடும்பங்களில் ஒருவரும் படித்ததில்லை. ரேடார் எந்தக் கம்பத்தில் இருக்கிறது என்று மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம்.

பிறகு எடை. கேரவனின் மூக்கு காரின் கொக்கிமேல் எவ்வளவு அழுத்துகிறது என்பது முக்கியம். மூக்கு கனமாக இருந்தால் கேரவன் அம்பு மாதிரி நேராக வரும். வால் கனமாக இருந்தால் வாலே வண்டியை ஓட்ட ஆரம்பித்துவிடும். வீட்டிலிருந்த எடை பார்க்கும் மெஷினைக் கொண்டுபோய், அதன்மேல் ஒரு கட்டையை நிறுத்தி, மூக்கை அதில் இறக்கினேன்.

"நம்ம ரெண்டு பேரையும்விட இது நல்லா டயட்ல இருக்குது போல" என்றார் கணவர், முள்ளைப் பார்த்துவிட்டு.

அதுதான் சிக்கல். காலியாக இருக்கும்போதே மூக்கு லேசாக இருந்தது. இதில் போன வருடம் எல்லாச் சாமானும் பின்பக்கக் கதவு வழியாக ஏறியிருக்கிறது.

சாமானுக்குப் பதிலாக காக்கா கடையிலிருந்து அரிசி மூட்டைகள் வாங்கி வந்தோம். ஒரு விடுமுறை நாள் காலை, தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஆளே இல்லாத நேர்ச்சாலைக்குப் போனோம். செய்தது மிக எளிமையான சோதனை. ஒரு வேகத்தில் நிதானமாகப் போவது, ஸ்டியரிங்கை ஒரு விரல் அளவு சட்டென்று தட்டிவிட்டு நேராகப் பிடிப்பது, கேரவன் எத்தனை முறை ஆடி அடங்குகிறது என்று பார்ப்பது. கணவர் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து கைபேசியில் படம் எடுத்தார்.

மூட்டைகளைச் சக்கரத்துக்கு நேர் மேலேயும் கொஞ்சம் முன்னாலும் வைத்தபோது, அறுபதில் ஒரே ஆட்டத்தில் அடங்கியது. எழுபதிலும் அப்படித்தான். எண்பதில் இரண்டாவது ஆட்டத்தில் அடங்கியது. தொண்ணூறில் அது யோசித்தது. அடங்கத்தான் செய்தது, ஆனால் அவசரமே இல்லாமல். நூறில் நான் செய்து பார்க்கவில்லை. தெரிய வேண்டியது தொண்ணூறிலேயே தெரிந்துவிட்டது.

பிறகு அதே மூட்டைகளைப் பின்பக்கத்துக்கு மாற்றினோம். எழுபதுக்கே கணவர், "போதும், போதும், திருப்பு" என்றார்.

எண்பது என்று முடிவு செய்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் பாதையில் லாரிகளுக்கு வேக எல்லை எண்பது. நான் எழுபதில் போனால் ஒவ்வொரு லாரியும் என்னைக் கடக்கும். ஒவ்வொன்றும் கடக்கும்போது கேரவனைக் காற்றால் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போகும். தொண்ணூறில் போனால் நான் ஒவ்வொரு லாரியையும் கடக்க வேண்டும். எண்பதில் போனால் யாரும் யாரையும் கடக்க வேண்டாம். லாரிகளின் வரிசையில் நானும் ஒரு லாரி. வொர்க்‌ஷாப்பில் இதைச் சொன்னபோது எங்கள் ஃபோர்மேன், "அச்சா, மேடம் இப்போ ஹெவி டிரைவர்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தார். அன்று முழுவதும் எனக்கு அந்தப் பெயர்தான்.

நான் வளர்ந்தது சவூதியின் அல் கோபாரில். அப்பாவுக்கு எண்ணெய் வேலை. அப்போது அங்கே பெண்கள் கார் ஓட்டக் கூடாது. அம்மா முன் சீட்டில் உட்கார்ந்து பலகைகளை எல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டே வருவார்: "எக்ஸிட் வருது, வலது பக்கம், நூறு போட்டிருக்கான்." அப்பாவைவிட அம்மாவுக்குத்தான் அந்தச் சாலைகள் நன்றாகத் தெரியும். ஸ்டியரிங்கை மட்டும் தொட்டதில்லை. இப்போது திருச்சியில் இருக்கும் அவருக்கு இந்தச் சோதனையின் வீடியோவை அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "பின்னாடி ஆடுறது இருக்கட்டும். நீ கண்ணாடியப் பாக்குறியா இல்லியா?" பார்க்கிறேன் அம்மா என்றேன். "அப்ப சரி" என்று வைத்துவிட்டார்.

கிளம்பும் நாள் வந்தது. எல்லோரும் ஒரு பெட்ரோல் பங்க்கில் கூடுவது வழக்கம். நான் முந்தின நாளே கேரவனுக்குள் தரையில் சக்கரத்துக்கு நேராகக் குறுக்கே ஒரு சிவப்பு டேப் ஒட்டியிருந்தேன். கனமான சாமான்கள் டேப்புக்கு முன்னால், துணியும் தலையணையும் பின்னால். எல்லோருக்கும் சொல்லியும் இருந்தேன். டயர்களில் காற்றுப் பார்த்துவிட்டு, கை கழுவி வர உள்ளே போனேன். திரும்பி வந்தபோது கேரவன் மூக்கின் பாரம் குறைந்து எங்கள் காரின் பின்பக்கம் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. கேரவனின் பின் கதவு திறந்திருந்தது. காக்கா உள்ளே கடைசிச் சாமானைத் தள்ளிக்கொண்டிருந்தார்: தேக்சா, கிரைண்டர், இரண்டு மூட்டை கரி, தண்ணீர் கேன்கள், எல்லாம் பின்னால்.

"காக்கா, டேப்பு..."

"பாத்தேன் தங்கச்சி, பாத்தேன். ஆனா அங்க போனதும் மொதல்ல என்ன எறங்கணும்? தேக்சா. கரி. தண்ணி. மொதல்ல எறங்குறத கடைசியாத்தான் ஏத்தணும். நான் எத்தன வருஷமா சரக்கு அனுப்புறேன், ஒரு வாட்டி மாத்தி ஏத்துனதில்ல."

அவர் சொன்னது முட்டாள்தனம் இல்லை. தேராவில் அவர் கடை வாசலில் வேனில் சரக்கு ஏற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். எந்தக் கடைக்கு முதலில் இறக்க வேண்டுமோ அந்தப் பெட்டி கதவோரம் இருக்கும். ஒரு பெட்டிகூடத் தடுமாறாது. வேனுக்கு அது அருமையான முறை. இரண்டு சக்கரத்தில் நடுவில் நின்று தராசு மாதிரி சாயும் பெட்டிக்கு அதே முறைதான் போன வருடம் தேக்சாவை சாலையில் உருட்டியது. ஐந்து குடும்பத்துச் சமையல் சாமானையும் ஒரே வண்டியில் போட்டு, இறங்கியதும் அடுப்பு மூட்ட வேண்டும் என்று நினைக்கிற எங்களைப் போன்றவர்களுக்குத்தான் இந்தத் தவறு வரும்.

"காக்கா, உங்க கணக்கு எறக்குறதுக்கு. என் கணக்கு போய்ச் சேர்றதுக்கு. சேர்ந்தாத்தானே எறக்க முடியும்?"

"நேரம் ஆவுதும்மா. ஊற வெச்ச கறி இருக்கு."

"எல்லாத்தையும் எறக்கி மாத்தி வைக்காம நான் சாவி போட மாட்டேன்."

நான் குரலை உயர்த்தவில்லை. சாவியை ஹேண்ட்பேக்கில் போட்டு மூடினேன். காக்கா என் கணவரைப் பார்த்தார். கணவர் வானத்தைப் பார்த்தார். கடைசியில் தேக்சாவில் முதல் கை வைத்தது சென்னைக்காரர். "யல்லா காக்கா, பிடிங்க. போன வருஷம் இத உருட்டுனது நான்தான், இந்த வருஷம் தூக்குறதும் நானே." தேக்சாவைப் பக்கவாட்டுக் கதவுக்கு நேராக, டேப்புக்குச் சற்று முன்னால் வைத்தோம். அங்கிருந்தும் அதுதான் முதலில் இறங்கும் என்று காட்டியபோது காக்கா கரி மூட்டையைத் தானே தூக்கி அதற்குப் பக்கத்தில் வைத்தார்.

இன்னொன்றும் கேட்டேன். "நான் முன்னாடி போறேன். நீங்க எல்லாரும் பின்னாடி வாங்க."

இது கிரைண்டரைவிடப் பெரிய விஷயம். எங்கள் பயணங்களில் காக்காவின் கார்தான் எப்போதும் முதலில் போகும். ஆனால் போன வருடம் கேரவன் வேகம் கூட்டியதே முன்னால் போனவர்களைப் பிடிக்கத்தான். மெதுவான வண்டி முன்னால் போனால் யாரும் யாரையும் துரத்த வேண்டாம்.

"தங்கச்சி, அப்ப நான் எண்பதுல வரணுமா? இந்த ரோட்டுலயா?" என்றார் காக்கா, ஏதோ ரோட்டை நான் அவமானப்படுத்திவிட்டது போல.

காருக்குள்ளிருந்து லாத்தாவின் குரல் வந்தது: "வாங்க, ஏறுங்க. எண்பதுல வந்தா ஒண்ணும் கொறஞ்சு போயிட மாட்டீங்க."

கிளம்பினோம். ஐந்து கார்களுக்கும் கான்ஃபரன்ஸ் கால் போட்டு, கைபேசியைக் கணவர் கையில் வைத்துக்கொண்டார். ஜெபல் அலி தாண்டும்வரை அதில் வந்ததெல்லாம் கிண்டல்தான்.

"மேடம், இப்ப நம்மள ஒரு ஸ்கூல் பஸ் ஓவர்டேக் பண்ணுச்சு. பசங்க டாட்டா காட்டுறாங்க."

"ரேடார்காரன் நம்மளப் பாத்து, நின்னு போன வண்டின்னு நெனச்சு ரெக்கவரி வண்டி அனுப்பிடப் போறான்."

"அம்மிணிக்கு இதெல்லாம் காதுல விழாதுங்க, கண்ணாடி மட்டுந்தான் தெரியும்" என்று என் சார்பில் கணவர் பதில் சொன்னார்.

அது உண்மை. என் வலது கண்ணாடி, இடது கண்ணாடி, முன்னால் இருக்கும் லாரி, மறுபடி வலது கண்ணாடி. முன்னால் இருக்கும் லாரிக்கும் எனக்கும் நடுவே நான் விட்ட இடைவெளியில் யாராவது வந்து நுழைவார்கள். நான் மறுபடி இடைவெளி விடுவேன். மறுபடி யாராவது நுழைவார்கள். பொறுமையாக இருப்பது எனக்கு வரும். தொழிலே அதுதான்.

அபுதாபியைத் தாண்டி மேற்கே திரும்பியதும் காற்று பிடித்தது. கடல் பக்கத்திலிருந்து, வலது முன்புறமாக. தார்மேல் மணல் மெல்லிய பாம்புகளாக ஊர்ந்து கடந்தது. கேரவனின் சுவர் ஒரு பாய்மரம் மாதிரி. ஸ்டியரிங்கில் அதன் தள்ளலை உணர்ந்து எழுபத்தைந்துக்கு இறங்கினேன். இன்னும் குறைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வலது கண்ணாடியில் எதுவுமில்லை, இடது கண்ணாடி முழுக்க ஒரு பேருந்து.

தொழிலாளர் கேம்ப்புப் பேருந்து. வேகமாக வந்தது. அதன் முன்மூக்கு தள்ளிய காற்று கேரவனின் வாலைத் தொட்டது. கையில் தெரிந்தது. பின்பக்கம் வலப்புறம் ஒதுங்கியது.

"ஆடுது" என்றார் கணவர், மிக மெதுவாக.

செய்யக் கூடாதவை மூன்று. பிரேக் மிதிக்கக் கூடாது. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பித் துரத்தக் கூடாது. வேகத்தைக் கூட்டித் தப்பிக்கப் பார்க்கக் கூடாது. நான் காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்தேன். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டேன். கேரவன் இடப்புறம் வந்தது. முதல் வீச்சைவிடச் சின்னது. வலப்புறம் திரும்பியது, பாதிகூட இல்லை. பிறகு நேராக நின்றது. தொழிற்பேட்டைச் சாலையில் அது எப்படி அடங்கியதோ, அதே மாதிரி.

பின்னால் வந்த நான்கு கார்களும் பார்த்திருக்கின்றன. எங்களுக்கு அடுத்து வந்தது காக்காவின் கார்.

கைபேசியில் காக்காவின் குரல் வந்தது. "தங்கச்சி. ஆடுச்சே."

அவர் என்ன சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆடினால் விற்றுவிடுவது என்று பேச்சு. காற்றுதான் காக்கா, ஒன்றுமில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். வொர்க்‌ஷாப்பில் வாடிக்கையாளர்கள் எங்களிடம் அப்படிச் சொல்லச் சொல்லிக் கேட்பதுண்டு, மெஷின் லேசாகத்தான் ஆடுகிறது என்று எழுதிக் கொடுங்கள் என்று. ஒருமுறைகூட எழுதியதில்லை.

"ஆமா காக்கா, ஆடுச்சு" என்றேன். "நின்னுடுச்சு. அத நீங்க பாத்தீங்களா?"

இடது கண்ணாடியைப் பார்த்துவிட்டு நானே தொடர்ந்தேன்.

"போன வருஷம் ஒவ்வொரு தடவையும் பெருசாச்சு. இப்ப ஒவ்வொரு தடவையும் சின்னதாச்சு. ஆடாத வண்டி கெடையாது காக்கா. நிக்குற வண்டிதான் வேணும். இப்ப நான் எழுபதுக்கு வரேன், காத்து அடிக்குது. இருட்டுறதுக்குள்ள போகணும்னு நெனக்கிறவங்க முன்னாடி போயிடுங்க, தப்பா எடுத்துக்க மாட்டேன்."

பிறகு பேசியது லாத்தா. காக்காவின் கைபேசியை அவரே வாங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் குரல் மிகப் பக்கத்தில் கேட்டது: "இவங்க முன்னாடி போறதா இருந்தா எறங்கி நடந்து போகட்டும். நான் வண்டிய எடுத்துக்கிட்டு உன் பின்னாலயே வாரேன்."

"உனக்கு ஓட்டத் தெரியாதேடி" என்றார் காக்கா பக்கத்திலிருந்து.

"எழுபதுல போறதுக்கு என்ன தெரியணும்?"

ஐந்து கார்களிலும் சிரிப்பு வெடித்தது. சென்னைக்காரர்தான் அதிகம் சிரித்தார். சிரித்து முடித்ததும் அவர் குரல் மாறியது. "மேடம், அந்த நேரத்துல நீங்க பிரேக்க தொடவே இல்லல்ல? உங்க பிரேக் லைட்டையே பாத்துட்டு இருந்தேன். எரியல."

"எரியல" என்றேன். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதற்கு ஒரு தனி இடம் உண்டு.

யாரும் முன்னால் போகவில்லை. எழுபதில், ஹஸார்டு விளக்கு போட்டுக்கொண்டு, ஐந்து கார்களும் வரிசையாகப் போனோம். லாரிகள் இப்போது எங்களைக் கடந்தன, ஆனால் எங்களுக்குப் பின்னால் நான்கு கார்கள் விளக்கெரிய வருவதைப் பார்த்து அடுத்த தடத்துக்கு நன்றாக ஒதுங்கியே கடந்தன. அதை நான் திட்டமிடவில்லை. தானாகக் கிடைத்தது.

சூரியன் கடலில் இறங்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கூடாரங்களை அரைகுறை வெளிச்சத்தில் அடித்தார்கள். பிரியாணி தாமதமானது, பசியில் எல்லோரும் பேரீச்சம்பழத்தையும் முறுக்கையும் காலிசெய்தோம். நான் கேரவனைக் கொக்கியிலிருந்து கழற்றி, நான்கு மூலையிலும் கால்களை இறக்கி, சமமாக நிற்கிறதா என்று பார்த்தேன். பக்கவாட்டுக் கதவைத் திறந்ததும் முதலில் இறங்கியது தேக்சாதான். காக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை என்பதுபோல் கரி மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

விற்பதைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. பேசாமல் இருப்பது முடிவா, தள்ளிப்போடுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பும் நாள் காலை நானும் மற்றப் பெண்களும் கரையோரமாக நடந்துவிட்டு வந்தோம். தண்ணீர் வற்றியிருந்தது, ஈர மணலில் நண்டுகள் ஓடின. லாத்தா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகியிருந்தார். திரும்பி வந்தபோது கேரவனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வேகமாக நடந்தேன்.

காக்கா பக்கவாட்டுக் கதவில் நின்றிருந்தார். என் கணவர் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு பின் கதவுப் பக்கம் போனார்.

"அங்க எங்க போறீங்க? அந்தக் கதவு துணிக்கு மட்டும்" என்றார் காக்கா. "சேப்பு டேப்புக்கு முன்னாடி வைங்க. இன்னும் முன்னாடி. சக்கரத்துக்கு மேல. உங்க ஊட்டுக்காரி சொல்லித் தரலியா?"

"சொல்லித் தந்தாங்க" என்றார் கணவர் பரிதாபமாக. "வொர்க்‌ஷாப்புக்குப் போயிட்டு வந்து தினமும் சொல்லித் தந்தாங்க."

நான் மூக்கின் கீழே குனிந்து, கையால் தூக்கிப் பார்த்தேன். சரியான கனம். தூக்க முடியாத கனம்.

கொக்கியை மாட்டி, சங்கிலியைப் பூட்டி, விளக்குகளைச் சரிபார்த்துவிட்டு நான் எழுந்தபோது காக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"தங்கச்சி, எனக்கு ஒரு யோசன. அடுத்த வருஷம் மழ சீசன்ல ஓமான் பக்கம் ஸலாலா போனா என்ன? உங்க லாத்தா ரொம்ப நாளா கேக்குறா. பச்சையா இருக்குமாம்." கொஞ்சம் நிறுத்தினார். "எண்பதுல போனா எத்தன நாளாவும்?"

அடுத்த வருடம். கேரவனோடு. லாத்தா கேரவன் படியில் உட்கார்ந்து காலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை, ஆனால் தட்டிய கை நின்றுவிட்டது.

"ரெண்டு நாள், காக்கா" என்றேன். "மலை ஏத்தத்துல இன்னும் மெதுவா போகணும்."

"போவோம்" என்றார். தன் காரை நோக்கி நடந்தார். பாதி வழியில் திரும்பி, மற்ற கார்காரர்களுக்குக் கேட்கும்படி கத்தினார்: "தங்கச்சி முன்னாடி. யாராச்சும் கேரவனத் தாண்டுனீங்க, அடுத்த வருஷம் பிரியாணி கெடையாது!"

காற்று அடங்கியிருந்தது. நெடுஞ்சாலையில் ஏறி, வலது தடத்தில் ஒரு லாரிக்குப் பின்னால் இடம் பிடித்து, முள்ளை எண்பதில் நிறுத்தினேன். வலது கண்ணாடியில் கேரவனின் சுவர் ஒரு கோடு மாதிரி நேராக வந்தது. இடது கண்ணாடியில் நான்கு கார்கள், ஒன்றன்பின் ஒன்றாக.